டோரீன் அக்கா இசைத்தட்டு தேடிய படலம்

பழிவாங்குவதற்குப் பொறுமை வேண்டும், உடம்பில் தெம்பு வேண்டும், கொஞ்சம் இசைஞானமும் இருந்தால் நல்லது. மூன்றும் ஒரே ஆளிடம் அமைவது அபூர்வம். கேமரன் மலையில் அப்படி அமைந்த ஒருவரைப் பற்றி எழுதி வைப்பது சமுதாயக் கடமை என்பதால் இந்த வரலாறு.

அவர் பெயர் டோரீன். பிறந்தது தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். பள்ளிக்கூடம் போனதைவிடக் கொழுந்து பறிக்கப் போனது அதிகம். கட்டிக்கொண்டது லூயிஸ் என்ற லோரி ஓட்டுநரை. லூயிஸ் திரிங்காப்பில் முட்டைக்கோசு ஏற்றி, மலையிறங்கி, கோலாலம்பூர் மொத்தச் சந்தையில் இறக்கிவிட்டுத் திரும்பி வந்து தூங்குவார். பேச வேண்டிய இடத்தில்கூடப் பேசமாட்டார் என்பதால் அந்த வீட்டில் சண்டை நடந்ததில்லை. டோரீன் மட்டும் அவ்வப்போது தனியாக நடத்திக்கொள்வார். தோள்பட்டை கூடை தாங்க மறுத்தபோது அவர் கியா பார்மில் சாலையோரமாக ஒரு ஸ்ட்ராபெரிக் கடை போட்டார். பழம் புளிக்கிறதே என்று சுற்றுலா வந்தவர்கள் முகம் சுளித்தால், "புளிக்கும்தான் லா, இது பழம், மிட்டாய் இல்ல" என்பார். அதட்டலுக்குப் பயந்து அவர்கள் இன்னொரு பெட்டியும் வாங்கிப் போவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வேறு ஆள். தோட்டத்துச் சேப்பலில் பாடகர் குழுவின் தனிக்குரல் அவருடையது. மழை தகரக் கூரையில் கொட்டும்போதும் கடைசி பெஞ்சு வரை கேட்ட குரல் அது ஒன்றுதான். வாரம் முழுக்கச் சேற்றிலும் குளிரிலும் நிற்கிற ஒரு பெண்ணுக்கு அந்த ஒரு சரணம் எவ்வளவு பெரிய சொத்து என்பதை விளக்க வேண்டியதில்லை. பிடுங்கப்பட்டது அதுதான்.

பிடுங்கியவர் குழுவின் மாஸ்டர் எட்ரியன். தோட்ட ஆபீசில் கிராணியாக, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு வேலையிலிருந்துதான், கிராணித்தனத்திலிருந்து இல்லை. அவருடைய வாழ்நாள் சாதனை ஒரு கிறிஸ்துமஸ் பாட்டு. ஜெபத்தில் முழங்காலிட்டிருந்தபோது மெட்டும் சொல்லும் சேர்ந்தே இறங்கியதாக, புதிதாக வருகிற ஒவ்வொரு ஃபாதரிடமும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார்.

"கொட்டிலிலே குழந்தை ஒன்று பிறந்ததே, ஆமென்,
மண்ணகமே மணி ஒலித்து மகிழ்ந்ததே…"

இரண்டாவது வரி முடிகிற இடத்தில் ஒரு சிறிய இடைவெளி வரும். அங்கே மாஸ்டர் தம் கையாலேயே ஒரு முக்கோணக் கம்பியைத் தட்டுவார். டிங். அந்த டிங்கை வேறு யாரும் தொடக்கூடாது.

சென்ற அக்டோபரில் ஒரு பயிற்சியின் நடுவே அவர் கையை உயர்த்திப் பாட்டை நிறுத்தினார். டோரீனைப் பார்க்காமல், குழுவைப் பார்த்துச் சொன்னார்.

"டோரீன் குரல் இப்ப தாப்பா ரோட்டுல ஏறுற லோரி மாதிரி இழுக்குது. வீட்டுல லோரி இருந்தா அப்படித்தான் ஆகும் லா. இனிமே அவங்க டீ கலக்கட்டும். தனிக்குரல ஷெர்லி பாடட்டும்."

ஷெர்லி அவருடைய மருமகள். குழு சிரித்தது. பழக்கதோஷத்தில் டோரீனும் சேர்ந்து சிரித்துவிட்டார். பிற்பாடு அவரைத் தூங்கவிடாமல் செய்தது மாஸ்டர் சொன்னது இல்லை, அந்தத் தன் சிரிப்புதான்.

சாதாரண மனிதர்கள் இந்த இடத்தில் சேப்பலை மாற்றுவார்கள், அல்லது அழுவார்கள். டோரீன் அடுத்த வாரமே போய் டீ கலக்கினார். பழிவாங்க நினைப்பவர் எதிரியை விட்டுத் தூரம் போகக்கூடாது என்பது அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெரிந்திருந்தது.

சேப்பலுக்குப் பின்னால் இருக்கிற சின்னக் குசினியில் நின்று அவர் பெரிய வாளியில் டீ கலக்க, உள்ளே ஷெர்லி தனிக்குரல் பாடினாள். கேட்கக் கேட்கக் கோபம் ஏறியது. கோபம் கைக்கு வந்தது, கரண்டி வேகமாகச் சுழன்றது, வாய் தானாக அதே பாட்டைக் கரண்டியின் வேகத்துக்கு முணுமுணுத்தது. எட்ரியன் மாஸ்டர் ஆமை வேகத்தில் நடத்துகிற பாட்டு இப்போது குதிரை வேகத்தில் ஓடியது. இரண்டாவது வரி முடிந்தது. டிங் வரவேண்டிய இடத்தில், டோரீன் வாயிலிருந்து சுத்தமான ஒரு விக்கல் வந்தது.

கரண்டி நின்றது. அந்த விக்கல் அவருடையது இல்லை. முன்பு எங்கேயோ கேட்டது.

எங்கே என்று கண்டுபிடிக்க வெகுநேரம் ஆகவில்லை. டோரீன் சிறுமியாக இருந்தபோது அடுத்த வீட்டில் காளியண்ணன் என்பவர் ஒலிபெருக்கி செட் வைத்திருந்தார். கோயில் திருவிழா, கல்யாணம், பெயர் வைப்பு எதுவானாலும் அவர் செட்தான். புது ஊசி மாட்டினால் சோதித்துப் பார்க்க அவர் எப்போதும் போடுவது ஒரே தட்டு. கள்ளுக்கடைப் பாட்டு. பாடுகிறவன் வரிக்கு வரி தள்ளாடுவான், இரண்டாவது வரி முடிவில் விக்குவான்.

காளியண்ணன் இன்னும் இருந்தார். ஆனால் ஒலிபெருக்கிக்குப் பக்கத்திலேயே வாழ்ந்ததில் காது போய்விட்டது. அவரிடம் எதையும் கத்தித்தான் கேட்கவேண்டும். லயத்தில் நின்று கத்தினால் எட்ரியன் மாஸ்டர் வீடு வரை கேட்கும். ஆகவே டோரீன் அவரைக் கைத்தாங்கலாகத் தேயிலை மலையின் நடுவே அழைத்துப்போய், சுற்றிலும் ஆளில்லை என்று பார்த்துக்கொண்டு, கள்ளுக்கடைப் பாட்டை உச்சஸ்தாயியில் பாடிக் காட்டினார். காளியண்ணன் முகம் மலர்ந்தது.

"அது கறுப்புப் பொட்டு தட்டாச்சே."

அவருக்கு எழுத்து வராது. அதனால் தட்டின் நடுவே இருக்கிற காகித வட்டத்தில் சாயத்தால் பொட்டு வைத்து அடையாளம் பண்ணியிருந்தார். சாமி பாட்டுக்குச் சிவப்பு, கல்யாணத்துக்கு மஞ்சள். பூசாரியோ பாதிரியோ துரையோ பக்கத்தில் இருந்தால் போடக்கூடாத பாட்டுக்குக் கறுப்பு. தேயிலைப் பெட்டிகளில் தோட்டத்தின் பெயரை அச்சடிக்கிற சாயம், காலத்துக்கும் போகாது. கறுப்புப் பொட்டு வாங்கியது மொத்தமே அந்த ஒரு தட்டுதான். பாடியவன் பெயரோ பாட்டின் பெயரோ காளியண்ணனுக்குத் தெரியாது. கேசட் வந்த காலத்தில் எல்லாத் தட்டுகளையும் பழைய சாமான் லோரியில் ஏற்றிவிட்டார். லோரி கோலாலம்பூருக்குப் போனது.

சிங்கப்பூரில் வேலை பார்க்கிற மகள் ரெனீ இணையத்தில் துழாவிப் பார்த்துவிட்டு, பெயர் தெரியாமல் விக்கலை மட்டும் வைத்துத் தேட முடியாது என்று சொல்லிவிட்டாள். கோலாலம்பூரில் பழைய இசைத்தட்டுகளும் சிடிகளும் விற்கிற கடைகளின் முகவரிகளை மட்டும் அனுப்பி வைத்தாள். டோரீனுக்கு அது போதும். முட்டைக்கோசுகளோடு முட்டைக்கோசாக லோரியில் ஏறி, விடியும்போது மொத்தச் சந்தையில் இறங்கினார். சரக்கு இறங்கியதும் நேராக வீட்டுக்குப் போகலாம் என்று லூயிஸ் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

"கட்டிக்கிட்ட நாள்லேருந்து இந்த ஊருல கோசு எறக்குறீங்க. இன்னிக்கு ஒரு நாள் என்னை எறக்குங்க" என்றார் டோரீன். லூயிஸ் வண்டியைத் திருப்பினார்.

முதல் கடை ஒரு பேரங்காடியின் மேல்மாடியில் இருந்தது. குளிர்சாதனம், காப்பி வாசனை, தாடி வைத்த இளைஞர்கள். தட்டுகள் எழுத்து வரிசையில் அடுக்கி, கண்ணாடித்தாள் உறை போட்டு நின்றன. உள்ளே நுழைந்ததுமே டோரீனுக்கு நம்பிக்கை போய்விட்டது. அழகாக அடுக்கி வைத்த கடையை நம்பக்கூடாது என்பது அவர் கொள்கை. கியா பார்மில் தினமும் பழத்தை அழகாக அடுக்குகிறவர் அவர், அடியில் என்ன இருக்கும் என்று அவருக்குத் தெரியாதா? இருந்தாலும் கடமைக்குப் பாடிக் காட்டினார். தாடிக்காரர்கள் கைபேசியில் படம் பிடித்தார்கள். கீழே லூயிஸ் லோரியை நிறுத்தியிருந்த இடம் டாக்சிகளுக்கானது என்று காவலாளி வேறு வந்து நின்றார்.

இரண்டாவது கடையில் சிடிகள் வாழைத்தாரைப்போலக் குவிந்து கிடந்தன. கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இது நல்ல லட்சணம். தலையை நிமிர்த்தாத கடைக்காரருக்குத் தம்மிடம் என்ன இருக்கிறது என்று தெரியாது, நல்ல சரக்கு அங்கேதான் சிக்கும். ஆனால் அவரிடம் தட்டே இல்லை. இந்தக் காலத்தில் எல்லாம் கைபேசியிலேயே கேட்கலாமே ஆன்ட்டி என்று அறிவுரை சொன்னார். கைபேசியில் பொட்டு இருக்காது என்று டோரீன் பதில் சொல்லிவிட்டு வெளியேறினார். அவர் எதைப் பற்றிப் பேசினார் என்று அந்த மனிதர் இன்னும் யோசித்துக்கொண்டிருப்பார்.

பழைய சாமான் சந்தை ஒன்றிலும் தேடினார். ஈரம் பட்டு வளைந்த தட்டு, கீறல் விழுந்த தட்டு, உறை ஒன்றும் உள்ளே வேறொன்றுமான தட்டு. கோசு பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றையும் கையில் தூக்கி, முகர்ந்து, விரலால் தட்டிப் பார்த்தார். பொட்டு எதிலும் இல்லை. பாடிப் பாடித் தொண்டை கட்டிப்போனது. லோரி ஏறுகிற மாதிரிதான் இருக்கிறது என்று அவருக்கே ஒரு கணம் தோன்றியது. அந்தக் கணத்துக்கும் சேர்த்துப் பழிவாங்குவதாக அங்கேயே முடிவு செய்துகொண்டார்.

கடைசி முகவரி பிரிக்ஃபீல்ட்ஸில், ஒரு மாலைக் கடைக்கு மேல்மாடி. ஒருவர் மட்டும் ஏறக்கூடிய மரப்படி. மேலே தரையிலிருந்து கூரை வரை தட்டுகள். நடுவே ஒரு நாற்காலியில், ரயில்வேயில் வேலை செய்து ஓய்வு பெற்ற குகனேஸ்வரன் என்ற பெரியவர். பலகை இல்லை, விலைச்சீட்டு இல்லை. விற்க விருப்பமே இல்லாத ஒருவர் நடத்தும் கடைதான் உலகத்திலேயே சிறந்த கடை என்று டோரீனுக்கு அப்போது புரிந்தது.

"பேர் தெரியாது, ஐயா. பாடிக் காட்டட்டுங்களா?"

"பாடுங்கோ பிள்ளை."

டோரீன் கட்டிய தொண்டையோடு பாடினார். "மரத்தடியில் குடுவை ஒண்ணு தெறந்ததே, மாமா, மண்டைக்குள்ள மணி ஒண்ணு அடிக்குதே…" மூச்சு வாங்க நிறுத்தினார். அந்த இடைவெளியில், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த குகனேஸ்வரன் நிமிராமலே, சரியான சுருதியில், விக்கினார்.

டோரீன் அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

பெரியவர் எழுந்து போய் மேல் அடுக்கிலிருந்து ஒரு தட்டை உருவிக்கொண்டு வந்தார். நடுவே கறுப்புப் பொட்டு. காளியண்ணன் தாராள மனசுக்காரர். சாயம் காகித வட்டம் முழுக்கப் பரவி, பாடியவர் பெயர், இயற்றியவர் பெயர் எல்லாவற்றையும் விழுங்கியிருந்தது. இதைப் பாடியது யாரென்று தமக்கும் தெரியாது என்றார் குகனேஸ்வரன். இதுமாதிரி இன்னொன்றைத் தாம் கண்டதில்லை, இதைக் கொடுக்கிற எண்ணமும் இல்லை.

"உங்களுக்கு என்னத்துக்கு இது?"

"பழிவாங்க."

"ஆரை?"

டோரீன் சொன்னார். கொட்டில், குழந்தை, டிங், டீ, லோரி எல்லாவற்றையும் சொன்னார். பெரியவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"சேர்த்து வைக்க எண்டு வாறாங்கள். சுவரிலை மாட்ட எண்டு வாறாங்கள். பழிவாங்க எண்டு ஒரு ஆள் இப்பதான் வந்திருக்கிறா. கொண்டுபோங்கோ."

டோரீனிடம் தட்டுப் போட்டுக் கேட்கிற பெட்டி கிடையாது என்று தெரிந்ததும், சூட்கேஸ் மாதிரி மூடித் தூக்குகிற ஒரு பழைய பெட்டியையும் கொடுத்தார். பெட்டியைத் திருப்பித் தரவேண்டும், நடந்ததை ஒன்று விடாமல் வந்து சொல்லவேண்டும், இரண்டே நிபந்தனை. லூயிஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொள்ளும்படி மனைவியிடம் சொன்னார். மலை ஏறி முடிகிற வரை அவர் பேசிய ஒரே வாக்கியம் அது.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லவேண்டும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் பாடகர் குழு வீடு வீடாகக் கேரல் பாடப் போகும். வாசலில் நின்று ஒரு பாட்டுப் பாடுவார்கள், பிறகு வீட்டுக்காரர் தம் விருப்பப் பாட்டு ஒன்றைக் கேட்கலாம். கேட்டதைப் பாடித்தான் ஆகவேண்டும். விருப்பத்தை மறுத்துவிட்டுப் படியிறங்கினால் அந்த வீட்டுக்கு ஆசீர்வாதம் பாதிதான் என்பது விதி. விதியை எழுதியவர் எட்ரியன் மாஸ்டர். எல்லா வீடும் தம் பாட்டையே கேட்கும் என்ற நம்பிக்கையில் எழுதியது.

அந்த ஆண்டு முதல் வீடு டோரீனுடையது. மாலைப் பனி இறங்கத் தொடங்கியிருந்தது. குழு முழுக்கக் கம்பளிக் குல்லாயோடு வாசலில் நின்றது. புதிதாக வந்திருந்த இளம் ஃபாதரும் கூட வந்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் போர்வையோடு எட்டிப் பார்த்தார்கள். ஷெர்லி தனிக்குரல் பாட, மாஸ்டர் தம் கையால் டிங் தட்டி, கொட்டிலில் குழந்தை பிறந்து முடிந்தது.

"ரொம்ப நல்லா இருந்துச்சு மாஸ்டர்" என்றார் டோரீன். "ஒரு நிமிஷம் நில்லுங்க. உங்களுக்கு ஒண்ணு போட்டுக் காட்டணும்."

உள்ளே ஊசி இறங்கியது. கரகரப்பு. தாளம். அப்புறம் அந்தக் குரல் மரத்தடியில் குடுவையைத் திறந்தது, மண்டைக்குள் மணியடித்தது, விக்கியது. வாசலில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஆமை வேகத்துக்கும் குதிரை வேகத்துக்கும் நடுவே மெட்டைப் பிடிக்க அவர்களுக்கு ஒரு சரணம் தேவைப்பட்டது. பிடித்துவிட்டார்கள், இவ்வளவு காலம் பாடுகிற மெட்டு ஆயிற்றே.

டோரீன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். திருடன் என்ற சொல் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அதற்குள் குழுவில் மூத்தவரான ரஞ்சிதம் முந்திக்கொண்டார்.

"மாஸ்டர், நீங்க ரெக்கார்டெல்லாம் போட்டிருக்கீங்களா? எங்ககிட்ட சொல்லவே இல்லியே."

அவர் கணக்கில் பிழை சொல்ல முடியாது. மெட்டு எட்ரியன் மாஸ்டருக்கு ஜெபத்தில் இறங்கியது. அது அனைவரும் அறிந்தது. அந்த மெட்டு ஒரு தட்டில் இருக்கிறது. ஆகவே தட்டு மாஸ்டருடையது, குரலும் மாஸ்டருடையது. குழு முழுக்க இந்த முடிவுக்கு ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தது. டோரீன் முன்கூட்டியே அழைத்து வந்து உள்ளே உட்காரவைத்திருந்த காது கேட்காத காளியண்ணன், பெட்டியின் மேல் கையை வைத்து அதிர்வை உணர்ந்துவிட்டு, கறுப்புப் பொட்டு, கறுப்புப் பொட்டு என்று ஆனந்தமாகத் தலையாட்டினார். அதையும் மாஸ்டருக்குக் கிடைத்த பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்கள்.

ஃபாதர் மென்மையாகக் கேட்டார். "எட்ரியன், இது நீங்க பாடினதா?"

டோரீன் வாயைத் திறந்தார். அப்போது எட்ரியன் மாஸ்டரின் முகத்தைப் பார்த்தார். திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டார்.

மாஸ்டர் முன்னால் இரண்டு கதவுகள் இருந்தன. இது நான் இல்லை என்றால், பிறகு மெட்டு யாருடையது என்ற கேள்வி வரும். ஜெபத்தில் இறங்கியது என்னவாகும்? நான்தான் என்றால், சேப்பல் மாஸ்டர் கள்ளுக்கடையில் விக்கினார் என்றாகும். தட்டை எடுத்துப் பெயரைப் பார்க்கலாம் என்று யாருக்காவது தோன்றியிருந்தாலும் பயனில்லை, பெயர் பொட்டுக்கு அடியில் இருந்தது. அவர் டோரீனைப் பார்த்தார். டோரீன் விருந்தாளியின் பதிலுக்குக் காத்திருக்கிற நல்ல வீட்டுக்காரியைப்போலப் பணிவாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாங்க ஃபாதர்" என்றார் எட்ரியன் மாஸ்டர். "சின்ன வயசுல."

குழு கைதட்டியது. திருடன் என்று சொல்லியிருந்தால் ஒரு வாரம் பேசியிருப்பார்கள், பாவம் என்று சொல்லிப் பிறகு மன்னித்தும் இருப்பார்கள். இதை யாரும் மன்னிக்கப்போவதில்லை, ஏனென்றால் எல்லாருக்கும் பிடித்துப்போனது.

"வீட்டுக்காரங்க விருப்பப் பாட்டு ஒண்ணு பாக்கி இருக்குல்ல மாஸ்டர்" என்றார் டோரீன். "எங்க வீட்டுக்கு அதையே பாடிடுங்க. விக்கலோட."

பாடினார். விதியை எழுதியவர் வேறு என்ன செய்வார்? பனியில், கம்பளிக் குல்லாயோடு, ஃபாதர் முன்னிலையில் குடுவையைத் திறந்தார். விக்கல் வருகிற இடத்தில், மாஸ்டர் பிடித்துக்கொள்ளக் கொடுத்திருந்த முக்கோணக் கம்பியை ஷெர்லி, அங்கே டிங் கேட்டுப் பழகிய தோஷத்தில், தட்டிவிட்டாள். விக்கலும் டிங்கும் ஒன்றாகக் கேட்டன. ஃபாதர் வேதாகமத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார், தோள்கள் குலுங்கின.

குழு அடுத்த வீட்டுக்கு நடந்து போய்ச் சேருவதற்குள், பக்கத்து வீட்டுக்காரர்கள் எடுத்த காணொளி வாட்ஸ்அப்பில் போய்ச் சேர்ந்திருந்தது. அந்த வீட்டின் விருப்பமும் அதுவே. அதற்கடுத்த வீடும் அதுவே. மேல் லயம், கீழ் லயம், ஆபீஸ் குவார்ட்டர்ஸ், ஒரு வீடு விடவில்லை. புத்தாண்டுக்குத் தானா ராத்தாவில் நடந்த ஒரு கல்யாண விருந்தில் மாப்பிள்ளையே மேடைக்கு வந்து மாஸ்டரின் கையைப் பிடித்து இழுத்தார். திரிங்காப் கோயில் கமிட்டியிலிருந்தும், பூசாரி சாப்பிடப் போன பிறகு ஒரே ஒரு பாட்டுப் பாடமுடியுமா என்று மரியாதையாகக் கேட்டிருந்தார்கள். ஜெபத்தில் இறங்கிய பாட்டைச் சேப்பலில் தொடங்கினாலே கடைசி பெஞ்சுப் பையன்கள் இரண்டாவது வரிக்காக மூச்சைப் பிடித்துக் காத்திருந்தார்கள். அந்தப் பாட்டை மாஸ்டர் கைவிட்டார்.

டோரீன் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கக் கோலாலம்பூர் போனபோது, குகனேஸ்வரன் கடையின் கதவைச் சாத்திவிட்டு முழுக் கதையையும் கேட்டார். ஃபாதர் முகத்தை மறைத்த இடத்தை மட்டும் இன்னொருமுறை சொல்லச் சொன்னார். டோரீன் கொண்டுபோன ஸ்ட்ராபெரி புளிப்பாக இருந்ததாகவும் தெரிவித்தார். அவரை மட்டும் டோரீன் அதட்டவில்லை.

ஜனவரி மாதம் ஒரு மத்தியானம், கையில் கேக்கோடு எட்ரியன் மாஸ்டர் டோரீன் வீட்டுக்கு வந்தார். குரல் கம்மியிருந்தது, மலை ஏறுகிற லோரி மாதிரி என்று யாரும் சொல்லவில்லை. ஷெர்லிக்குத் தனிக்குரல் சரிப்பட்டு வரவில்லை என்றார். டோரீன் திரும்பக் குழுவுக்கு வரவேண்டும், பழைய இடம் அப்படியே இருக்கிறது, வேண்டுமானால் இரண்டு சரணம்கூடப் பாடலாம் என்றார். வந்துவிட்டால் அந்தத் தட்டு வீட்டில் எதற்கு என்பதையும் இருமலுக்கு நடுவே கேட்டார்.

டோரீன் உண்மையாகவே யோசித்தார். அந்தச் சரணத்துக்காகத்தானே லோரியில் ஏறியது. மழையை மீறிக் கடைசி பெஞ்சு வரை போகிற குரலை அவர் நினைத்துப் பார்த்தார். பிறகு இனி வரப்போகிற டிசம்பர்களையும் நினைத்துப் பார்த்தார்.

"வேண்டாம் மாஸ்டர். குழுவுல சேந்துட்டா நானும் வாசல்ல நின்னு பாடணும். வீட்டுக்குள்ள இருந்தாத்தானே விருப்பப் பாட்டு கேக்க முடியும்?"

மாஸ்டர் கேக்கை வைத்துவிட்டு எழுந்தார்.

"இருங்க, டீ குடிச்சிட்டுப் போலாம். இப்ப நல்லா கலக்கப் பழகிட்டேன்" என்று சொல்லிவிட்டு டோரீன் உள்ளே போனார். குசினியிலிருந்து கரண்டிச் சத்தம் கேட்டது. முதலில் மெதுவாக. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வேகம் எடுத்தது.